குளிர் தெரியாத காம்பரா

தை மாதத்தின் அந்தக் காலையில், தோட்டத் தொழிலாளர்களின் ஒற்றை அறை வீடுகளான பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட நீண்ட லயத்தின் தகரக் கூரை முழுவதும் உறைபனி படிந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. நடுவில் ஒரு காம்பராவின் கூரை மட்டும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. பஸ் பாதையிலிருந்து தேயிலைக்குள் இறங்கும் கற்படிகளில் நின்று லோஜினி அதைப் பார்த்தாள். அடுப்புப் புகையின் சூடாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் புகை மற்ற கூரைகளின் மேலேதான் தவழ்ந்துகொண்டிருந்தது. அவற்றில் பனி அப்படியே இருந்தது. இந்தக் கூரையிலிருந்து எழுந்தது புகையல்ல, ஆவி. தகரத்தின் பள்ளங்களில் உருகிய நீர் இஸ்தோப்புத் திண்ணையின் முன்னால் சொட்டுச் சொட்டாக விழும் ஓசை படிக்கட்டு வரை கேட்டது.

அது அவளுடைய அக்கா சீதாலெட்சுமியின் வீடு.

லோஜினி நோர்வூட்டுக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் இயங்கிய தனியார் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். வாரத்துக்கு ஒருமுறை தராசையும் வெப்பமானியையும் தோள்பையில் போட்டுக்கொண்டு, ஆய்வில் சேர்ந்த ஆறு பெண்களின் வீடுகளுக்குப் போய் அளவெடுத்து வருவது அவள் வேலை. ஆய்வு கொழுப்பு அணுக்களைப் பற்றியது. டொக்டர் விஜிதரன் அதை விளக்கும்போது விரல்களைக் குவித்துக் காட்டுவார். கொழுப்பு அணு என்பது எண்ணெய் நிரம்பிய சின்னப் பை. சேமிப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆனால் உடம்பு தானே செய்துகொள்ளும் அபின் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. என்கெஃபலின் என்று பெயர். வலியை மழுங்கடிப்பது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலை, சேமிக்கிற அணுவை எரிக்கிற அணுவாக மாற்றுவது. அப்படி மாறிய அணு தன் எண்ணெயைத் தானே எரித்துச் சூடாக்கும்; உடம்பு மெலியும், இரத்தத்தில் சீனி இறங்கும். அந்தப் பொருளைக் கொஞ்சம் மாற்றி ஊசி மருந்தாக்கியிருந்தார் விஜிதரன். நான்கு வாரம் வயிற்றில் ஊசி. அதை நிறுத்திப் பத்து நாளாகியிருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் உடம்புச் சூடு பழைய அளவுக்கு இறங்கிவிட்டது.

அந்த ஆறு பேரில் முதலில் கையெழுத்துப் போட்டவள் சீதாலெட்சுமி. லோஜினி கேட்டாள் என்பதற்காகவே போட்டாள். நாற்பத்திரண்டு வயதில் அவளுக்குச் சீனி வியாதி, முழங்கால் வலி, ஏற்றத்தில் மூச்சு வாங்க வைக்கும் பாரம் எல்லாம் சேர்ந்திருந்தன. அம்மா இறந்தபோது லோஜினிக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு தலை வாரிவிட்டு, ஹட்டனுக்குப் பள்ளிக்கூடம் அனுப்பி, மழையிலும் மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்து அவளை வளர்த்தது அக்காதான். தங்கச்சி சொன்ன எதையும் அவள் மறுத்ததில்லை.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே காலெடுத்து வைத்ததும் லோஜினியின் முகத்தில் ஈரச்சூடு மோதியது. நெய் உருக்கும்போது எழும் வாசனை. அதற்கு அடியில் அழுகத் தொடங்கிய அன்னாசியின் இனிப்பு. அடுப்பில் நேற்றைய சாம்பல் குளிர்ந்துபோய்க் கிடந்தது. அக்கா மெல்லிய சேலையோடு, கம்பளிச் சட்டை இல்லாமல், வெறும் சிமெந்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கணவர் வீரய்யா பின்னால் உட்கார்ந்து, அடுப்பில் கை காய்ச்சுவதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் முதுகில் விரித்து வைத்திருந்தார்.

"வா லோஜி. பனியில வந்திருக்க. இங்கிட்டு வந்து உக்காரு."

"அடுப்பு பத்த வைக்கலயாக்கா?"

"எதுக்கு? நமக்குதான் குளிரே தெரியலயே. மாமா ராவுல கம்பளியக்கூட உதறிப்புட்டாரு."

வீரய்யா சிரித்தார். "கொடுத்து வச்சவன் நானு."

வாயில் வைத்த வெப்பமானி சரியான அளவைத்தான் காட்டியது. கழுத்தெலும்புக்கு மேலே தோலில் ஒட்டியதோ முப்பத்தொன்பதரை பாகை செல்சியஸ் காட்டியது. லோஜினி அதைக் கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டினாள். அதே அளவு. ஒரு வாரத்தில் அக்கா ஐந்து கிலோ இறங்கியிருந்தாள். முழங்கால் எப்படி என்று கேட்டதற்கு, சின்னப்பிள்ளை மாதிரி குந்தி எழுந்து குந்தி எழுந்து காட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். பஸ் நெளிந்து ஏறிய பாதையெல்லாம் லோஜினியின் பிடரியில் குத்திக்கொண்டிருந்த வலி, வெப்பமானியை ஒட்டுவதற்காக அக்காவின் தோளில் விரல் வைத்த நேரத்திலேயே போய்விட்டது. அது போனதைச் சாயங்காலம் அறையில் தனியாகச் சாப்பிடும்போதுதான் கவனித்தாள். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

அடுத்த வாரம் இஸ்தோப்பில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சாவு வீடோ என்று ஒரு கணம் நினைத்தாள். பத்து மணி, எல்லாரும் மலையில் நிற்க வேண்டிய நேரம். மேட்டிலிருந்து கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிடுவது மூடுபனிக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்ல யாரும் இல்லை. பெயர்களுக்குரியவர்கள் உள்ளே இருந்தார்கள்.

பக்கத்துக் காம்பரா ராக்காயி, அறுபதைத் தொட்டவள், அக்காவின் இடது தோளில் முதுகைச் சாய்த்துக் கண்மூடியிருந்தாள். வலது பக்கம் வேறு இரண்டு பெண்கள். காலடியில் பிள்ளைகள் நாய்க்குட்டிகளைப்போல் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கினார்கள். யாரும் பேசவில்லை. நடுவில் அக்கா, எட்டும் தூரத்தில் அடுப்பை மூட்டி, வந்தவர்களுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கன்னங்கள் ஒட்டியிருந்தன. கைகளில் தோல் தளர்ந்து, பெரிய ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டவள்போல் இருந்தாள்.

"அத்தை, வேலைக்கு போகலயா?" என்று ராக்காயியிடம் கேட்டாள் லோஜினி.

"போவணும்." கிழவி கண்ணைத் திறக்கவில்லை. "இந்த இடுப்பு வலி எனக்கு எத்தன வருசமா இருக்கு தெரியுமா. சீதாவ ஒட்டிக்கிட்டு இருந்தா இல்ல பாரு. செத்த நேரம் இருந்துட்டு போறேன்."

"எப்ப வந்தீங்க?"

ராக்காயி யோசித்தாள். "நேத்தா?" என்றாள்.

அப்போதுதான் லோஜினி அக்காவின் கையைப் பார்த்தாள். ரொட்டியைத் திருப்ப நீண்ட கை, காய்ந்த இரும்புக் கல்லின்மேல் விரித்தபடியே நின்றது. மெல்லச் சீறும் சத்தம் வந்தது. அந்த நெய் வாசனை திடீரென்று கனத்தது. அக்கா ஏதோ நினைவில் இருந்தவள்போல் கையை எடுத்தாள். உள்ளங்கையின் தோல் கல்லிலேயே ஒட்டிக்கொண்டு சுருண்டது. அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். புதுச் சேலையின் பூவைப் பார்ப்பதுபோல் ஆர்வமாகப் பார்த்துவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அறையில் இருந்த எவரும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளைகளில் ஒன்று கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"அக்கா, எந்திரி. இப்பவே ஆஸ்பத்திரிக்கு போறோம்."

"எதுக்கு லோஜி? நான் நல்லாதானே இருக்கேன். இப்படி நல்லா இருந்து எம்புட்டு காலமாச்சு." வெந்த கையால் தங்கச்சியின் கன்னத்தைத் தடவினாள். "நாளைக்கு போவோம். நீ செத்த உக்காரு. ஐஸா இருக்கு ஒன் மூஞ்சி."

"எல்லாரும் வெளிய போங்க. மாமா, சொல்லுங்க. அவளுக்கு காத்து வேணும்."

வீரய்யா அக்காவின் பின்கழுத்தில் கன்னத்தை வைத்திருந்தார். "இருந்துட்டு போகட்டும் லோஜி. குளிருக்கு ஒதுங்கினவங்கள எப்புடி வெளிய அனுப்புறது."

லோஜினி அக்காவின் கைக்கு மருந்து போட்டுத் துணி சுற்றினாள். தராசில் ஏற்றினாள்: இன்னும் ஒன்பது கிலோ இறங்கியிருந்தது. எழுந்து வெளியே வந்தபோது தேயிலைச் செடிகளின் நிழல் மறுபக்கம் சாய்ந்திருந்தது. கைபேசி பின்னேரம் நாலு மணி என்றது. கால் மணி நேரம்தான் உள்ளே இருந்தோம் என்று நினைத்திருந்தாள். பஸ்ஸுக்கு ஓடும்போது அழுதாள். பயத்தினால் மட்டுமல்ல. வெளிக்காற்று பட்ட கணத்தில் உடம்பு முழுவதும் அந்தக் காம்பராவைக் கேட்டு ஏங்கியது, அதனாலும்தான்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விஜிதரன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஊசி நிறுத்திய அன்று சீதாலெட்சுமியின் வயிற்றிலிருந்து மெல்லிய குழாயால் எடுத்த கொழுப்பு அணுக்கள் சின்னக் கண்ணாடித் தட்டில் வளர்ந்துகொண்டிருந்தன. நாளுக்கொன்றாக எடுத்த படங்கள்.

"தட்டுல மருந்து ஒரு துளிகூட இல்ல, லோஜினி. பதினெட்டு நாளா இல்ல. ஆனா இதுகள் இன்னும் எரியுது. தாங்களே என்கெஃபலின் செய்யப் பழகிட்டுதுகள்." அவர் தொண்டையைச் செருமினார். "ஒப்பிட்டுப் பாக்கிறதுக்காக, வேற ஒருத்தருடைய சாதாரண அணுக்கள தட்டோட ஓரத்துல வச்சேன். இதப் பாருங்க."

முதல் படத்தில் அவை ஓரத்தில் கிடந்தன. இரண்டாவதில் சற்று உள்ளே. ஐந்தாவதில் சீதாலெட்சுமியின் அணுக்களைச் சுற்றி வட்டமாக நெருங்கியிருந்தன. அதற்குப் பிந்திய படங்களில் வட்டம் இறுகியது. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் இருந்த எண்ணெய்த் துளி சிறுத்துக்கொண்டே போனது.

"கொழுப்பு அணு இப்படி நகராது," என்றார் விஜிதரன். "நகரக்கூடாது."

"எதுவரைக்கும் எரியும் சேர்?"

"எண்ணெய் இருக்கிறவரைக்கும்."

"அது தீந்தா?"

அவர் அலமாரியைத் திறந்து நாலு கண்ணாடிக் குப்பிகளையும் ஊசிகளையும் எடுத்து மேசையில் வைத்தார். அபின் வகை மருந்து உடம்பில் மிஞ்சிப்போனவர்களுக்கு அதை முறிக்கப் போடும் மருந்து. "தொடையில ஒண்ணு போடுங்க. பத்து நிமிஷம் பாத்துட்டு இன்னொண்ணு. மயக்கம் தெளிஞ்சா மத்தவங்க விலகிடுவாங்க. நீங்க பஸ்ல முன்னால போங்க. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டு வேனோட வாறேன்."

பேசும்போது அவருடைய இடது கை பக்கத்திலிருந்த சூட்டுப்பெட்டியின் கதவில் பதிந்திருந்தது. அந்தத் தட்டு இருக்கும் பெட்டி. லோஜினி அறைக்குள் வந்தபோதே கை அங்கேதான் இருந்தது. குப்பிகளை எடுத்த நேரம் தவிர, மறுபடி மறுபடி அங்கேயே போனது.

"சேர், கைய எடுங்க."

விஜிதரன் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். எடுத்து மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவள் வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது கை மறுபடி கதவில் இருந்தது. கன்னமும்.

பொகவந்தலாவை போகும் பஸ்ஸில் ஏறி, பாதித் தூரத்திலிருந்து அவருக்கு அழைத்துப் பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

நண்பகல் கடந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியபோது மூடுபனி தேயிலை மலைகளை மூடி, பாதையோர மரங்களின் அடிப்பாகத்தை மட்டும் விட்டு வைத்திருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாரும் இல்லை. பறித்த கொழுந்து சாக்குகளில் அப்படியே கிடந்து கறுத்து, தரையில் சாறு கசிந்திருந்தது. கங்காணியின் குடை தூணில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மூடுபனிக்குள் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. படிகளில் இறங்க இறங்க, அவள் கால் விரல்களில் குளிர் விட்டது. ஓரத்துப் புல்லிலிருந்து ஆவி எழுந்தது.

லயத்தின் முதல் காம்பரா திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. இரண்டாவதில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. மூன்றாவதில் பானையில் சோறு தீய்ந்து அடிப்பிடித்து, அடுப்பு தானே அணைந்திருந்தது. நான்காவதில் ஒரு தொட்டில். வெறும் தொட்டில்.

பிறகு அவள் எட்டிப் பார்க்கவில்லை.

அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சுவருக்குள்ளிருந்து மூச்சுவிடும் சத்தம் வந்தது. நிறையப் பேரின் மூச்சு. ஆனால் ஒரே நேரத்தில் உள்ளே போய், ஒரே நேரத்தில் வெளியே வந்தது. பலகைக் கதவு அதற்கேற்ப லேசாக அசைந்தது. லோஜினி தொட்டாள். பலகை, காய்ச்சல்காரரின் நெற்றிபோல் சுட்டது.

தள்ளினாள்.

முதலில் வாசனை. பிறகு இருட்டு. பிறகு முகங்கள். நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவர் நெஞ்சில் ஒருவர் முதுகு சாய்த்து, வட்டம் வட்டமாக, சுவர் வரை. கங்காணி இருந்தார். ராக்காயி இருந்தாள். நேற்றுப் பார்த்த பிள்ளைகள். எல்லார் கன்னமும் குழி விழுந்திருந்தது. ஒரே நாளில். எல்லார் உதட்டிலும் ஒரே சின்னச் சிரிப்பு.

நடுவில் வீரய்யாவின் மடியில் அக்கா.

பத்து வயதுப் பிள்ளையின் அளவு. தோல், ஈரத்துணியை எலும்பில் போட்டதுபோல் கிடந்தது. துணி சுற்றிய கை வெறும் குச்சி. கண்கள் மட்டும் பெரிதாக, பிரகாசமாக.

"வந்துட்டியா லோஜி." குரல் சந்தோஷமாக இருந்தது. "எல்லாரும் வந்துட்டாங்க பாரு."

லோஜினி வழி கேட்கவில்லை. தோள்களை மிதித்தாள். மடிகளை மிதித்தாள். காலடியில் ஒரு விரல் நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்த விரலுக்குரியவர் சிரித்தபடியே இருந்தார். முழங்காலிட்டாள். குப்பி. ஊசி. தொடையில் சதை தேடினாள். இல்லை. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே ஊசியைச் செலுத்தி அழுத்தினாள்.

எண்ணினாள். அறுபது. நூற்றிருபது.

மூச்சு நின்றது. நாற்பது பேருக்கும்.

அக்காவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. கண்கள் அறையைச் சுற்றின. தன் கையைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். முதல் முறையாகப் பார்ப்பவள்போல்.

"லோஜி."

"இருக்கேன்கா. வேன் வருது. போயிரலாம்."

"வலிக்குது."

அந்தச் சொல்லை நாற்பது வாய்களும் சொல்லவில்லை. முனகின. ஒரே முனகல், தரையிலிருந்து எழுந்து தகரத்தை அதிர வைத்தது. அதன் நடுவிலிருந்து அக்கா அலறினாள். சதை எரிந்து தீர்ந்த உடம்பு, இத்தனை நாளும் உணராததையெல்லாம் ஒரே கணத்தில் உணர்ந்தது. முதுகு வில்லாக வளைந்தது. பற்கள் கிட்டின. அக்காவுக்கும் அவளுக்கு நேர்ந்ததற்கும் நடுவில் இருந்த ஒரே திரையைத் தன் கையால் கிழித்துவிட்டதை லோஜினி அப்போதுதான் புரிந்துகொண்டாள்.

"நிறுத்து லோஜி. ஒன்ன கும்புடுறேன். நிறுத்து."

எல்லா முகங்களும் லோஜினியைப் பார்த்தன. கோபம் இல்லை.

"ஏம்மா இப்படி செய்யிற?" என்றாள் ராக்காயி. "அவ ஒனக்கு என்ன செஞ்சா?"

லோஜினி அழுதபடி அடுத்த குப்பியை எடுத்தாள். போட்டால்தான் இவர்கள் விலகுவார்கள். போட்டால்தான் தூக்கிக்கொண்டு படியேற முடியும். தூக்க என்ன இருக்கிறது. குப்பியின் கழுத்தை ஒடித்தாள். அது முழுவதுமாக உடைந்தது. கண்ணாடி கட்டை விரலின் அடியில் ஏறியது. ஆழமாக. வெண்மையாக ஏதோ தெரியும்வரை.

மருந்து தரையில் வழிந்தது. இரத்தம் மணிக்கட்டில் இறங்கி, முழங்கைக்கு ஓடியது.

அவள் வலிக்காகக் காத்திருந்தாள்.

காத்திருந்தாள்.

அது வரவில்லை.

அக்காவின் முதுகு தளர்ந்தது. பற்கள் விட்டன. உதட்டோரம் ஏதோ திரும்பி வந்தது. உள்ளே இழுத்த மூச்சு, நாற்பது நெஞ்சுகளிலும் ஏறியது. முன் வரிசை நகர்ந்தது. ராக்காயி ஒரு பக்கம், கங்காணி ஒரு பக்கம். சரியாக ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம்.

எப்போது உட்கார்ந்தாள் என்று லோஜினிக்குத் தெரியவில்லை. முதுகில் அக்காவின் விலா எலும்புகள் பட்டன. சூடாக இருந்தன. குச்சிக் கை ஒன்று அவள் தலையை வருடியது. ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரமாகச் சீவிவிட்ட அதே வகிடெடுத்து, மெல்ல, மெல்ல.

திறந்த கதவுக்கு வெளியே மூடுபனியில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மேல் லயத்துக்காரர்கள். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, பேசாமல், கற்படிகளில் ஒருவர் பின் ஒருவராக. இஸ்தோப்பை அடைந்ததும் கம்பளிச் சட்டையைக் கழற்றி, அழகாக மடித்து, வாசலில் வைத்துவிட்டு, தலை குனிந்து உள்ளே நுழைந்தார்கள்.